முடியா, சிறுநீரா, இரத்தமா: போதை மாத்திரைச் சோதனையில் எதைத் தேர்வது?

தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகக் கஞ்சாவோடு சேர்த்து அடிக்கடி அடிபடும் பெயர் வலி மாத்திரை. டேபென்டடால், டிரமடால் இரண்டும் மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்துகள். அறுவை சிகிச்சை செய்தவருக்கும் புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கும் அவை பெரிய உதவி. அதே மாத்திரைகளை இளைஞர்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வதும், கள்ளத்தனமாக விற்றவர்கள் கைதாவதும் இன்று மாவட்டம் மாவட்டமாக வரும் செய்தி. 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. டேபென்டடாலோடு கேரிசோப்ரோடால் கலந்த மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்காவில் இளைஞர்களைச் சீரழிப்பது அம்பலமானதும், 2025 பிப்ரவரியில் அந்தக் கலவைக்கு மத்திய அரசு தடை போட்டது.

திருவண்ணாமலை – செஞ்சி சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரில் ஒரு தாய்க்குத் தன் பிள்ளைமேல் சந்தேகம் வந்தால், யாராவது ஒருவர் சொல்லுவார்: "முடியை வெட்டி அனுப்பினால் எல்லாம் தெரிந்துவிடும்." இதில் பாதிதான் உண்மை. எந்தச் சோதனை என்று முடிவு செய்வதற்கு முன்னால், உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ன என்பதை முடிவு செய்யுங்கள். இப்போது மயங்கிக் கிடக்கிறானே, அதற்குக் காரணமா? இரண்டு நாளுக்குள் போட்டானா? அல்லது மூன்று மாதமாக இந்தப் பழக்கம் இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் சோதனை வேறு.

முதலில் முடி. உடலுக்குள் போன மருந்து இரத்தத்தின் வழியாக முடியின் வேரை அடைந்து, வளரும் முடிக்குள் தங்கிவிடுகிறது. தலைமுடி மாதம் சுமார் ஒரு செ.மீ. வளரும். அதனால் தோலை ஒட்டி வெட்டிய 3 செ.மீ. முடியில் ஏறக்குறைய மூன்று மாத வரலாறு இருக்கும். 1979-ல் அமெரிக்க ஆய்வாளர் பாம்கார்ட்னரும் அவருடைய குழுவினரும் ஹெராயின் பழக்கம் உள்ளவர்களின் முடியில் அபின் வகைப் பொருளைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். இன்று திரவ குரோமடோகிராஃபி – மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவிகள் ஒரு மில்லிகிராம் முடியில் நானோகிராம் அளவையும், ஃபென்டனில் போன்ற வீரியமான மருந்து என்றால் அதற்கும் குறைவான அளவையும் கண்டுபிடிக்கின்றன.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முடியைப் பிடுங்கக் கூடாது. உச்சந்தலையின் பின்பகுதியில் பென்சில் பருமனுக்கு ஒரு கற்றையைத் தோலை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கம் எது என்று குறித்து, அலுமினியத் தாளில் மடித்து, உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். ஐஸ் பெட்டி வேண்டாம். சாதாரண அறை வெப்பத்திலேயே கெடாது. சீப்பிலும் தலையணையிலும் பொறுக்கிய முடியை அனுப்புவதில் பயனே இல்லை. அது யாருடையது, எந்த மாதத்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் மொட்டை. அண்ணாமலையாருக்கோ குலதெய்வத்துக்கோ முடி இறக்கியவனின் தலையில் மூன்று மாத வரலாறு கிடையாது. அது திரும்ப வளர மூன்று மாதம் ஆகும். மார்பு, கை, கால் முடியை எடுக்கலாம். ஆனால் அது வளரும் வேகமும் ஓய்வெடுக்கும் காலமும் வேறு என்பதால், எந்த மாதம் என்று பிரித்துச் சொல்ல இயலாது. பிளீச், கலரிங், ஸ்ட்ரெயிட்டனிங் செய்த முடியில் மருந்தின் அளவு குறைந்துவிடும். லேபில் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முடி சொல்லாத விஷயங்கள் இன்னும் உண்டு. போன வாரம் போட்டது தெரியாது, ஏனென்றால் மருந்து தங்கிய முடி தோலுக்கு மேலே வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு தடவை போட்டது பெரும்பாலும் தப்பிவிடும். எத்தனை மாத்திரை என்ற கணக்கும் கிடைக்காது. கறுப்பு முடியில் நிறமி அதிகம் என்பதால், ஒரே அளவு சாப்பிட்ட இருவரில் கறுத்த முடிக்காரரிடம் கூடுதலாகத் தெரியலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, திருந்தியவனுக்கு இந்தச் சோதனை செய்யக்கூடிய அநியாயம். தலையில் பத்தில் ஒரு பங்கு முடியாவது எப்போதும் வளராமல் நிற்கும். அதில் பழைய மருந்து அப்படியே இருக்கும். மாத்திரையை விட்டு இரண்டு மாதம் ஆனவனின் முடியிலும் அது காட்டும். அந்தத் தாளை நீட்டி "இன்னும் விடவில்லையா, பொய் சொல்கிறாயா?" என்று கேட்டால், அவன் பட்ட பாடெல்லாம் வீண். சிகிச்சையை ஆரம்பித்தவனுக்கு முதல் சில மாதங்களில் முடிச் சோதனை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து சிறுநீர். டிரமடால், டேபென்டடால் இரண்டும் சிறுநீரில் சுமாராக இரண்டு முதல் நான்கு நாள் வரை தெரியும். செலவும் முடிச் சோதனையைவிட மிகக் குறைவு. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பல லேப்களில் "டிரக் டெஸ்ட்" என்று கேட்டால் கிடைக்கும் பட்டையில் "ஓபியேட்" அல்லது "மார்ஃபின்" என்று ஒரு கோடு இருக்கும். அது ஓபியத்திலிருந்து வரும் மார்ஃபின், கோடீன் போன்றவற்றுக்கு. டிரமடாலும் டேபென்டடாலும் ஃபென்டனிலும் தொழிற்சாலையில் உருவான செயற்கை ஓபியாய்டுகள். அவை அந்தக் கோட்டில் சிக்காது. பிள்ளை தினமும் மாத்திரை போட்டிருப்பான், சோதனை "நெகட்டிவ்" என்று வரும், பெற்றோர் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆகவே கேட்கும்போதே மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "டிரமடாலுக்குப் பார்ப்பீர்களா? டேபென்டடாலுக்குப் பார்ப்பீர்களா?" வீட்டில் காலி அட்டை கிடைத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். கசகசா அரைத்த குருமா சாப்பிட்டவருக்கும், கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும் மார்ஃபின் கோடு காட்டலாம். கசகசாவால் அப்பாவிகள் மாட்டுகிறார்கள் என்பதற்காகவே அமெரிக்க அரசு 1998-ல் தன் ஊழியர் சோதனையின் வரம்பை 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு உயர்த்தியது. பட்டையில் வந்த "பாசிட்டிவ்" வெறும் சந்தேகம்தான். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் உறுதியான பிறகே அதை நம்பலாம்.

இரத்தத்தில் இந்த மருந்துகள் சில மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள் வரை தெரியும். மயக்கம், மூச்சுத் திணறல், விபத்து, மரண விசாரணை ஆகியவற்றுக்குத்தான் அது. டிரமடால் அளவு மீறினால் வலிப்பும் வரும். பிள்ளை எழுப்பினால் எழாமல், உதடு நீலம் பாரித்து, மூச்சு மெதுவாக வந்தால் சோதனையைப் பற்றி யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். நலாக்சோன் என்ற மாற்று மருந்து மருத்துவமனையில் கிடைக்கும். உமிழ்நீர் சோதனை எதிரிலேயே எடுப்பதால் ஏமாற்றுவது கடினம், ஒன்றிரண்டு நாள் வரை சொல்லும். ஆனால் இந்த மாத்திரைகளுக்கு எல்லா ஊரிலும் செய்ய மாட்டார்கள்.

கோர்ட்டு, போலீஸ் என்று வந்தால் முடிக்கு மதிப்பு அதிகம். 2020-ல் பெங்களூரு திரைத்துறை போதை வழக்கில் எடுத்த முடி மாதிரிகள் ஐதராபாத் ஆய்வகம் வரை போயின. முடிவு வெளியே வந்தது 2021 ஆகஸ்டில். இந்தத் தாமதம் வழக்குக்கு ஒத்துவரலாம். சிகிச்சைக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒத்துவராது. கைதானவரின் முடியைக்கூட பதிவு பெற்ற மருத்துவர்தான் எடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கல்லூரி விடுதி வார்டனுக்கோ கம்பெனி மேலாளருக்கோ கத்தரிக்கோலை எடுக்க உரிமை கிடையாது.

வீட்டிலும் அப்படித்தான். தூங்கும் பிள்ளையின் முடியைத் திருட்டுத்தனமாக வெட்டி அனுப்பாதீர்கள். பதினெட்டு வயது ஆனவரின் சம்மதம் இல்லாமல் எந்த நல்ல லேபும் இதைச் செய்யக் கூடாது. சோதனை சம்மதத்தோடு நடந்தால் அவன் சிகிச்சைக்கு வருவான். திருட்டுத்தனமாக நடந்தால் வீட்டைவிட்டுப் போவான்.

அப்படியானால் எதைத் தேர்வது? பெரும்பாலான குடும்பங்களுக்கு என் பதில், மருத்துவர் எழுதிக் கொடுத்த, மருந்தின் பெயர் குறித்த சிறுநீர்ச் சோதனை. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதலில் போங்கள், சோதனையை அவர்கள் தீர்மானிக்கட்டும். முடிச் சோதனைக்குப் பணம் செலவழிப்பதில் பொருள் இருப்பது இரண்டு இடங்களில்: வழக்கில் நீண்டகாலப் பழக்கம் உண்டா இல்லையா என்று நிரூபிக்க வேண்டும்போது, அல்லது மாத்திரையை விட்டு ஆறு மாதமாவது ஆனவர் வேலைக்காகத் தன் விருப்பத்தில் அதைக் காட்ட நினைக்கும்போது. சீட்டோடு வலி மாத்திரை சாப்பிடும் நோயாளிக்கும் இந்தச் சோதனைகளில் "பாசிட்டிவ்" வரலாம் என்பதால், பழைய மருத்துவச் சீட்டுகளைக் கையில் வைத்திருங்கள்.

ஊசி போட்டுக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனைகள் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் பி, சி-யும். ஊசியைப் பகிர்ந்துகொள்வதில் பரவும் இந்த மூன்றுக்கும் அரசு மருத்துவமனையில் சோதனை உண்டு. ஹெபடைட்டிஸ் சி-யை மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் குணப்படுத்தவும் முடியும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், உட்கொண்டதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்குமான வழக்கிலிருந்து 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. போதை மறுவாழ்வுக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டிலும் பெயர் சொல்லாமலே பேசலாம்.