900 ரூபாய் தெர்மோஸ்டாட், 28,000 ரூபாய் பில்

எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவில், கார் வைத்திருப்பவர்கள் ரிப்பேருக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கி வைங்கன்னு சொல்லியிருந்தேன். அது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட விஷயம்.

என் முதல் கார் செகண்ட் ஹேண்ட். ஒரு மே மாதம் ஊருக்குப் போகும்போது, பரனூர் டோல் வரிசையில் டெம்பரேச்சர் முள் மேலே ஏற ஆரம்பித்தது. "செங்கல்பட்டு போய் ஒரு மெக்கானிக்கைப் பார்த்துக்கலாம்"னு ஓட்டிட்டேன். அந்தச் சில கிலோமீட்டரில் ஹெட் கேஸ்கெட் போச்சு. அலுமினியத்தில் செய்த சிலிண்டர் ஹெட், சூட்டில் வளைஞ்சு போச்சு. அதை லேத்துக்கு அனுப்பி மட்டம் பிடித்து மாட்டியதில் பில் 28,000 ரூபாய். எல்லாத்துக்கும் காரணம், மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்ட ஒரு தெர்மோஸ்டாட். அதோட விலை 900 ரூபாய்.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைச்சேன். சிஏ முடிச்ச நானே என் பாலிசியை முழுசா படிச்சது அன்னிக்குத்தான். சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் இரண்டுமே கவர் ஆகாது என்று தெளிவாகப் போட்டிருக்கும். "இன்ஜின் புரொடெக்ட்" ஆட்-ஆன் வாங்கியிருந்தாலும், அது முக்கியமாக வெள்ளத் தண்ணீர் உள்ளே போவது, ஆயில் கசிவு மாதிரி விஷயங்களுக்குத்தான். எக்ஸ்டெண்டட் வாரன்டி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் முள் ஏறின பிறகும் ஓட்டினீங்கன்னு தெரிஞ்சா, அங்கேயும் கிளெய்ம் சிக்கலாகும். ஆக, இந்தச் செலவு நம்ம சம்பளத்திலிருந்துதான்.

சரி, தெர்மோஸ்டாட் என்ன செய்யுது? இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு வால்வு அது. உள்ளே ஒரு வகை மெழுகு இருக்கும். இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்போது வால்வு மூடியிருக்கும். கூலன்ட் 82 அல்லது 88 டிகிரி மாதிரி ஒரு சூட்டுக்கு வந்ததும் மெழுகு உருகி விரிஞ்சு வால்வைத் திறக்கும். உடனே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். மூடியபடியே சிக்கினால் இன்ஜின் கொதிக்கும். திறந்தபடியே சிக்கினால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது.

இந்த இடத்தில் ஒரு அட்வைஸ் கட்டாயம் வரும்: "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்ல சார், கழட்டிப் போட்டுடலாம்." எனக்கும் சொன்னாங்க. தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்குன்னு நினைத்து கார் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக விடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, மைலேஜ் 18-லிருந்து 16-க்கு இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. கிட்டத்தட்ட 7 லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய்னு போட்டால் மாதம் 700 ரூபாய். மிச்சம் பிடிச்ச 900 ரூபாய் இரண்டாவது மாசமே காலி. இன்ஜின் தேய்மானம் தனி.

அதே மாதிரி, குறைந்த டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டால் கார் கூலாக ஓடும் என்பதும் தப்புக் கணக்கு. எந்தச் சூட்டில் திறக்கணும் என்பதை மட்டும்தான் அது முடிவு செய்யும். ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ ஃபேன் ஓடவில்லை என்றாலோ, எத்தனை டிகிரி போட்டாலும் சூடாகத்தான் செய்யும். கம்பெனி சொன்ன அதே டிகிரி, அதே பார்ட் நம்பர் வாங்குங்க. கேஸ்கெட் அல்லது ஓ-ரிங்கையும் புதுசாக மாற்றச் சொல்லுங்க.

பழசு உண்மையிலேயே கெட்டதான்னு சந்தேகமா? கழட்டின தெர்மோஸ்டாட்டை வாங்கிட்டு வந்து, வீட்டில் ஒரு பழைய பாத்திரத்துல தண்ணி ஊத்தி, அதில் போட்டுக் கொதிக்க வைங்க. கொதிச்ச பிறகும் திறக்கலைன்னா மெக்கானிக் சொன்னது சரி. என் வீட்டில் இதைச் செஞ்சப்போ, "என்ன, ரசத்துல போடப் போறியா"ன்னு அம்மா கேட்டாங்க.

முள் ஏறினால் ஏசியை அணைச்சு ஹீட்டரை முழுசா வைங்க. வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியே வரும். ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோட திறக்காதீங்க, பிரஷரில் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கார் டோ பண்ண ஆகிற செலவைப் பார்த்துத் தயங்காதீங்க. நான் தயங்கினதுக்குத்தான் அந்த 28,000.

தெர்மோஸ்டாட் மாற்றும்போதே கூலன்ட்டையும் மாற்றிடுங்க. போர் தண்ணியை ஊத்த விடாதீங்க, உள்ளே உப்புப் படியும். பில்லில் பார்ட் நம்பர், தேதி, ஓடின கிலோமீட்டர் மூணையும் எழுதி வாங்கிக்கோங்க. நாளைக்கு வாரன்டி கேட்கவும், காரை விற்கவும் அந்தப் பேப்பர்தான் பேசும்.