டீசல் எஞ்சின் மாடலா? எழுத்து ஒட்டும்போது கவனம்!

கோலார் தங்கவயலுக்கு 1894-இல் வந்த பங்காருபேட்டை–மாரிகுப்பம் பாதைக்காக 1:87 அளவில் டீசல் எஞ்சின் செய்கிறீர்களா? கைப்பிடிக் கம்பி, ஹாரன் எல்லாம் பெயின்டுக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் நம் அகலப்பாதைக்குக் குறுகல்தான் (19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும்), பொறுத்துக்கொள்ளலாம்.

பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். இதை விட்டால் எழுத்துப் படலமான டீக்காலுக்கு அடியில் காற்று தங்கி, வெள்ளி பூத்ததுபோல் தெரியும். எஞ்சின் எண் உள்ள டீக்காலை ஓரம் ஒட்டி வெட்டி, வெதுவெதுப்பான நீரில் நனையுங்கள். தாளிலிருந்து உரிக்காமல், ஈரத் தூரிகையால் நகர்த்தி இறக்குங்கள். டிஷ்யூவால் ஒற்றலாம், தேய்க்கக் கூடாது. மறுநாள் மேட் வார்னிஷ். அழுக்கேறிய தோற்றத்துக்கான சாக்பொடி அதன்மேல்தான் பிடிக்கும்.

தங்கவயலின் சயனைடு மேட்டுத் (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மணல்) தூசிக்கு வெளிறிய சாம்பல் பொடி பொருந்தும். சக்கரப் பகுதியோடு நிறுத்துங்கள்; கூரைக்குப் புகைக்கரி போதும்.