புள்ளி நகரவில்லை என்றால்?

கேள்வி: மணாலியிலிருந்து லேவுக்குத் தனியாக பைக்கில் போகிறேன். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டால் வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள்தானே?

பதில்: இருக்க மாட்டார்கள். லைவ் லொகேஷனுக்கு ஒரு தடவைக்கு 8 மணி நேரம்தான் ஆயுள், அதுவும் டேட்டா இருந்தால். கீலாங் தாண்டி சர்ச்சு, பாங் வழியாக உப்ஷி வரை சிக்னலை நம்பவே முடியாது. உங்கள் புள்ளி ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் அப்படியே நிற்கும். அதையே வெறித்துக்கொண்டு அம்மா விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அதற்குப் பதில், லொகேஷன் போடாமலே இருக்கலாம்!

தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. கிளம்பும் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள். யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் காட்டும் சாட்டிலைட் கருவிகளுக்கு ஆசைப்படாதீர்கள். இங்கே அனுமதியின்றி வைத்திருந்தாலே வழக்கு. கார்மின் இன்ரீச் என்ற அப்படியொரு கருவியை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளே நம் விமான நிலையங்களில் சிக்கியிருக்கிறார்கள்.

உருப்படியான வழி பழைய வழிதான். எந்த ராத்திரி எங்கே தங்கல், பைக் நம்பர், ரத்த வகை, விடுதி போன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். 'மறுநாள் மாலை 6 மணி வரை போன் வரவில்லையென்றால் முதலில் விடுதிக்கு, அப்புறம் லே போலீசுக்கு' என்று கெடுவும் சொல்லுங்கள். கெடுவை இறுக்கமாக வைக்காதீர்கள். ஒரு நிலச்சரிவு போதும், அரை நாள் போய்விடும். வழியில் தாபாக்காரரிடம் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தேடி வருபவர்கள் முதலில் விசாரிப்பது அவரிடம்தான்.