எலும்பும் தோலுமாக வந்த நாய்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ பேசியதில் பாதி கேள்வி, பாதி கோபம். தீபாவளி முடிந்த இரண்டாம் வாரம் பைபாஸ் ஓரத்தில் ஒரு அம்மா கண்ணில் பட்ட லேப்ரடார் உன் கிளினிக்கில் கிடக்கிறது. விலா எலும்பை எண்ணிவிடலாம், காது மடலுக்குள் உண்ணி அப்பிக் கிடக்கிறது. இப்போது ஒருவர் செல்போன் படத்தைக் காட்டி "என் நாய்" என்கிறார். அந்த அம்மாவோ கொடுக்கவே கூடாது என்கிறார். "நீங்களா இருந்தா கொடுப்பீங்களாண்ணே?" என்று கேட்டாய்.

நான் ஒரு தடவை கொடுக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம். கல்லூரிப் பையன்கள் நாலு பேர் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். முதுகெலும்பு ரம்பம் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு பெரியவர் தேடி வந்தார். கையில் தூக்குவாளி, வழியில் நாய் தென்பட்டால் போடுவதற்குச் சோறு. "அப்படி எதுவும் இங்கே வரலையே" என்று கூசாமல் சொன்னேன். நாய் பையன்களில் ஒருவன் வீட்டுக்குப் போனது. மூன்று வேளையும் கோழியும் சோறும் போட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து அதே எடையோடு திரும்பக் கொண்டுவந்தான். "அள்ளி அள்ளித் திங்குது சார். ஆனா வெளிக்குத்தான் எக்கச்சக்கமா போகுது, வழுவழுன்னு."

அப்போதுதான் உறைத்தது. கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காத நோய். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அதிகம் வருவது. எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், கோபத்தில் ஒரு வரி ஞாபகம் வரவில்லை. பெரியவரைத் தேடினேன். நாயே வரவில்லை என்று சொல்லி அனுப்பியவன் அவர் முகவரியை எங்கே கேட்டு வைத்திருப்பான்?

அதனால், உடம்பில் எது போன வாரத்தது, எது ஆறு மாதத்தது என்று பிரித்துப் பார். வெடிக்கு மிரண்டு ஓடிய நாய் இரண்டு வாரம் குப்பைமேட்டில் திரிந்தாலே இளைத்துப்போகும், உண்ணியும் ஏறும். புண்ணில் புழு நெளிகிறதா? ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். அதை வைத்து மாதக்கணக்கான அலட்சியம் என்று எழுதாதே. முழங்கைக் காய்ப்பும் அப்படித்தான், சிமென்ட் தரையில் படுக்கிற எந்தப் பெரிய நாய்க்கும் வரும். ஆனால் கழுத்துப்பட்டை சதைக்குள் புதைந்து மேலே தோல் மூடியிருந்தால் அது தெருவில் நடந்ததல்ல. கோரைப்பல்லின் பின்பக்கம் தேய்ந்திருந்தால், சங்கிலியையோ கூண்டுக் கம்பியையோ நெடுநாள் கடித்திருக்கிறது. சொந்தக்காரரைப் பார்த்து வாலாட்டுகிறதே என்றும் ஏமாந்துவிடாதே. அடித்தவனைக் கண்டும் வாலாட்டுகிற ஜாதி அது.

சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு சொத்து. உரிமையாளர் யாரென்று தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டால் அந்த அம்மா மேலேயே வழக்கு வரலாம், பக்குவமாகச் சொல். 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தீனியும் தண்ணீரும் தராததையும் குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதையும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. ஆனாலும் குற்றம் நிரூபணமானால் நாயை அவரிடமிருந்து பறிக்க 29ஆம் பிரிவு இடம் தருகிறது. பறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு, நமக்கல்ல. அங்கே பேசப்போவது நீ எழுதிவைத்த எடையும் தேதி போட்ட படமும் ரத்தப் பரிசோதனை முடிவும்தான்.

பட்டை புதைந்த நாய் ஒன்று எனக்கும் வந்தது. வெட்டியெடுத்த பட்டையை டிரேயில் வைத்து, நாற்றத்தோடு, உரிமையாளர் முன்னால் நீட்டினேன். "உங்களால வச்சுக்க முடியுமா?" என்று கேட்டேன். திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். வீடு மாறியதிலிருந்து மொட்டைமாடியிலேயே கட்டிப்போட்டிருந்ததைச் சொல்லி அழுதார். நாயை விட்டுக்கொடுப்பதாக அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உன் லேப்ரடாருக்கு வருகிறேன். நாளை அவர் வருவதற்குள் தோள்பட்டைகளுக்கு நடுவே ஸ்கேனரை ஓட்டிப் பார், 15 இலக்க சிப் எண் கிடைக்கலாம். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடு. பாவம் பார்த்துத் தட்டு நிறையப் போடாதே. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று தீனி இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. அவர் வந்ததும் நாய் என்றைக்கு ஓடியது, எங்கெல்லாம் தேடினார், தடுப்பூசிப் புத்தகம் எங்கே என்று கேள். உடம்பு சொல்வதும் அவர் சொல்வதும் ஒத்துப்போனால் கொடுத்துவிடு. 15 நாளுக்கு ஒருமுறை எடை பார்க்கக் கொண்டுவரச் சொல். ஒத்துப்போகாவிட்டால் போலீசில் எழுதிக் கொடு, மறைத்து மட்டும் வைக்காதே.

அந்த அம்மாவையும் பக்கத்தில் உட்காரவை. இரண்டு பேர் முகவரியையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்