பழனிமலைத் தொடரின் பண்டை வரலாறு: கூடி ஆராய்தலின் தேவை

முன்னுரை

தமிழக வரலாறு பெரும்பாலும் ஆற்றுச் சமவெளிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. காவிரியும் வையையும் பொருநையும் பெற்ற இடத்தை மலைகள் பெறவில்லை. வடமதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என நீளும் சமவெளியின் மேற்கெல்லையாக நிற்கும் பழனிமலைத் தொடர் இதற்குத் தக்க சான்று. இம்மலை குறித்த செய்திகள் குறைவானவை அல்ல. ஆயினும் அவை இலக்கியம், தொல்லியல், மானிடவியல், வருவாய் ஆவணம் எனத் தனித்தனிப் பெட்டிகளில் கிடக்கின்றன. ஒரு துறையார் கண்டதை மற்றொரு துறையார் காணாமலே முடிவு சொல்லியுள்ளனர். இத்துறையினர் ஒரே களத்தில் கூடி ஆராயும்போது எவ்வகை வினாக்கள் எழுகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மலைக்கு வந்த எழுத்து

ஆங்கிலேய ஆட்சியில் நிலஅளவை அலுவலர் வார்டு 1821இல் இம்மலைப்பகுதியை அளந்து குறிப்பெழுதினார். 1845இல் அமெரிக்க மறைப்பணியாளர் கோடைக்கானலில் குடியிருப்பு அமைத்தனர். நெல்சன் 1868இலும் பிரான்சிஸ் 1906இலும் வெளியிட்ட மதுரை மாவட்ட நூல்கள் மலைக்குடிகளைப் பற்றிப் பேசுகின்றன. இவை யாவும் ஆட்சித் தேவைக்காகத் தொகுக்கப்பட்டவை. குடிகளின் எண்ணிக்கை, விளைபொருள், வரி ஆகியவற்றுக்கு அவற்றில் முதலிடம் கிடைத்ததில் வியப்பில்லை.

தொல்லியல் நோக்கில் முதற்பெரும் முயற்சி செண்பகனூர் இயேசு சபைத் துறவியருடையது. அங்லாட், நியூட்டன் ஆகிய இருவரும் மலையெங்கும் நடந்து கற்திட்டைகளையும் கற்பதுக்கைகளையும் கண்டு பதிவு செய்தனர். அப்பதிவு இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேட்டு வரிசையில் 36ஆம் நூலாக 1928இல் வெளிவந்தது. வேட்டைத் துப்பாக்கியோடு மலையேறியோர் மிகுந்திருந்த காலத்தில் அளவுநாடாவோடு ஏறியவர்கள் இவர்கள் என்பது பாராட்டத்தக்கது. எனினும் அக்கற்களை எழுப்பியோர் யார் என்னும் வினாவுக்குத் தமிழிலக்கியச் சான்றுகளின் துணையை அவர்கள் போதிய அளவு நாடவில்லை.

இலக்கியம் காட்டும் இரு தலைவர்கள்

சங்க இலக்கியத்தில் இம்மலைத்தொடரோடு தொடர்புபடுத்தப்பெறும் தலைவர் இருவர். ஒருவன் ஆவியர் குடியின் வையாவிக் கோப்பெரும் பேகன். இவன் வேளிர் மரபினன். இவன் குடிக்குரிய பொதினி இன்றைய பழனி என்பது பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. மற்றொருவன் கோடைமலைத் தலைவனாகப் பெருந்தலைச் சாத்தனார் பாடும் கடிய நெடுவேட்டுவன் (புறம். 205). முன்னவன் மயிலுக்குப் போர்வை ஈந்த கதையால் பெரும்புகழ் பெற்றான். பின்னவனைப் பாடநூல்கள் பெரும்பாலும் கடந்து செல்கின்றன.

கோடைமலையைக் கோடைக்கானலோடு இணைப்பதற்குப் பெயரொற்றுமை மட்டும் போதாது. அவ்வடையாளம் ஏற்கப்படுமாயின் கருதத்தக்க செய்தி ஒன்று புலப்படும். அடிவாரத்தை ஒட்டி வேள் ஒருவனும் மலைமேல் வேட்டுவத் தலைவன் ஒருவனும் ஒரே தொடரில் தனித்தனித் தலைமைகளாகப் பாடப்பட்டுள்ளனர். மலை என்றால் குறிஞ்சி, குறிஞ்சி என்றால் ஒரே வகைக் குடி என்னும் திணைக்கோட்பாட்டு வாசிப்பு இங்குப் பொருந்தவில்லை.

அடிவாரமும் மேட்டுநிலமும்

பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அகழாய்வு நடத்தினார். அங்கு ஒரு கல்லறையில் நாற்கால் சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதனுடன் இருந்த பிரிமனையில் 'வய்ர' எனத் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட அறிஞர்கள் இக்காலக்கணிப்பை எச்சரிக்கையோடு அணுகினர். எழுத்தின் தொன்மை பற்றிய அவ்விவாதம் பெரிதும் பேசப்பட்டது. அதே அளவு கவனம் பெறவேண்டிய செய்தி நெல்லைப் பற்றியது. மலையிலிருந்து இறங்கும் நீரால் விளைந்த நெல், எழுத்து, ஆயிரக்கணக்கான மணிகள் ஆகிய மூன்றும் அடிவாரத்தில் ஒருங்கே இருந்துள்ளன.

மலைமேல் நிலை வேறு. கீழ்மலைப் பகுதியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை முதலிய ஊர்களைச் சுற்றிப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் செறிந்துள்ளன. தாண்டிக்குடியில் ராஜன் குழுவினர் நடத்திய அகழாய்வின் அறிக்கை 2005இல் வெளியாயிற்று. பொருந்தலையும் தாண்டிக்குடியையும் ஒரே வரைபடத்தில் வைத்து நோக்கினால், மேலும் கீழும் இருந்தோர் ஒரே மக்களா, பண்டமாற்றால் இணைந்த இருவேறு மக்களா என்னும் வினா எழும். வேளையும் வேட்டுவனையும் பாடிய இலக்கியச் செய்தியை இவ்வினாவுக்கு விடையாகக் கொள்வது அவசரமாகும். கற்திட்டைகள் யாவும் ஒரே காலத்தவை அல்ல. பாடல்களின் காலமும் வேறு. ஆயினும் வினாவைக் கூர்மையாக்க அச்செய்தி உதவும்.

குடிகளின் நினைவு

மலையில் இன்று வாழும் குன்றுவர், தம் முன்னோர் கொங்குச் சமவெளியிலிருந்து மலையேறிய வேளாளர் என்னும் வழக்கை உடையவர். பளியர் இம்மலைக்காட்டின் தொல்குடியாகக் கருதப்படுகின்றனர். பளியரை 1962 முதல் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்களைத் தனித்தொதுங்கிய எச்சக்குடியாகக் கருதவில்லை. சமவெளி மக்களோடு எல்லையில் பழகி, இருவகை வாழ்வையும் கையாளத் தெரிந்தவர்களாகவே அவர்களைக் காட்டினார். வரலாற்று நூல்கள் பளியரை இன்னும் வரலாறற்றவராக எழுதுவது இவ்வாய்வைப் புறக்கணிப்பதன் விளைவு.

தமிழகத்தில் பரவலாக ஈமச்சின்னங்களைப் 'பாண்டவர் குழி' என்றும் 'குள்ளர் வீடு' என்றும் மக்கள் அழைப்பர். இவற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளுவது எளிது. இன்றைய குடிகள் அக்கற்களைத் தம் முன்னோருடையவை என உரிமை கோராமல் வேற்றாருடையவையாகச் சொல்வது, குடியேற்ற வரலாற்றுக்குச் சான்றாகக்கூடும். இத்தகைய பெயர்களைப் பழனிமலையில் ஊர்தோறும் குடிதோறும் பிரித்துத் தொகுத்தல் வேண்டும். குன்றுவர் ஒரு கல்லை அழைக்கும் பெயரும் பளியர் அதே கல்லை அழைக்கும் பெயரும் வேறுபடுமாயின், அவ்வேறுபாடே ஆய்வுப்பொருள்.

கூடும் களம்

1991இல் தோன்றிய தமிழகத் தொல்லியல் கழகம் ஆண்டுதோறும் கருத்தரங்கு கூட்டி, 'ஆவணம்' இதழை வெளியிட்டு வருகிறது. பல்கலைக்கழகப் பேராசிரியரும் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரும் ஒரே மேடையில் புதிய கல்வெட்டுகளை அறிவிக்கும் நல்ல மரபு அங்கு உள்ளது. மலை ஆய்வுக்கு அம்மரபு ஏற்றது. ஆனால் ஓர் அரங்கத்தில் கட்டுரை வாசித்துக் கலைவது மட்டும் இதற்குப் போதாது. காப்பித் தோட்டங்களும் கட்டடங்களும் சரிவுகளை மாற்றிவரும் நிலையில் அங்லாட், நியூட்டன் பட்டியலே முதல் வேலைத்திட்டமாதல் தகும். 1928இன் பதிவைக் கையில் கொண்டு, தொல்லியலார் அளக்க, தமிழாய்வாளர் இடப்பெயர் திரட்ட, பளியர், குன்றுவர் முதியோர் வழிகாட்ட, எந்தக் கல் நிற்கிறது, எது பெயர்ந்தது, எது சுவராயிற்று என ஒவ்வோர் ஊராகச் சரிபார்த்தல் வேண்டும். அப்பணியைத் தாண்டிக்குடியில் தொடங்கலாம். அகழாய்வு அறிக்கை ஏற்கெனவே கையிலிருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க அவ்வூரே வாய்ப்பானது.