ஆற்றில் எதிரேறி வரும் கடல்

கேள்வி: சீனாவில் ஓர் ஆற்றில் கடல் அலை எதிரேறி வருவதைப் பார்க்க ஆண்டுதோறும் பெருங்கூட்டம் கூடுகிறதாமே? அங்கே மட்டும் ஏன் அப்படி? எப்போது, எங்கே பார்க்கலாம்? குழந்தைகளை அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் கேட்பது ஹாங்சோ நகரை ஒட்டி ஓடும் சியன்தாங் ஆற்றைப் பற்றி. கடல் எதிரேறும் ஆறுகள் வேறு நாடுகளிலும் உண்டு. ஆனால் இந்த அளவு உயரத்தையும் வேகத்தையும் காண்பது அரிது. ஹாங்சோ விரிகுடாவின் வாய் சுமார் 100 கி.மீ. அகலம். உள்ளே வரவரப் புனல் போலக் குறுகி, யான்குவான் என்ற ஊரருகே சுமார் 3 கி.மீ. ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு ஆற்றின் அடியில் பெரிய மணல்மேடு. ஆழம் குறைந்த இடத்தில் முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வரும் நீர் அதன் மேல் ஏறிக்கொள்கிறது. அப்படித்தான் அலை நிமிர்ந்து எழுகிறது.

சீனர்களின் சந்திர நாட்காட்டியில் எட்டாம் மாதம் 18-ஆம் நாள்தான் இதற்குப் பேர்போன நாள். நமக்கு அது செப்டம்பர், அக்டோபரில் வரும். பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் கடலேற்றம் உச்சம் தொடும் என்பதால் இந்தத் தேதி. தென் சுங் அரசர்களின் தலைநகராக ஹாங்சோ இருந்தபோது இதே நாளில் கடற்படை அணிவகுப்பு நடந்தது. நீச்சல் வீரர்கள் கையில் கொடியோடு அலையில் பாய்ந்தார்கள். அலை வரும் நேரத்தைச் சொல்லும் அட்டவணை 1056-லேயே இருந்தது.

யான்குவானில் நின்று பாருங்கள். ஆறு சாதுவாகக் கடல் பக்கம் வடிந்துகொண்டிருக்கும். தொலைவில் ஓர் உறுமல் முதலில் காதுக்கு எட்டும். பிறகு கரைக்குக் கரை ஒரே வெள்ளைக் கோடு. அது தாண்டியதும் ஆறு திசை மாறி ஓடும். ஆற்றில் இன்னும் மேலே, லாவ்யன்சாங் என்ற இடத்தில் அதே அலை தடுப்பணையில் மோதித் திரும்பிப் பாய்வதைக் காணலாம்.

குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய இடத்தை விட்டு நகராதீர்கள். அலை வரும் நேரத்தைக் கணித்துவிடலாம். அன்று எவ்வளவு உயரம் எழும் என்பதைக் காற்றும் ஆற்று நீரும் சேர்ந்து முடிவு செய்யும். படம் எடுக்கக் கரையடியில் இறங்கியவர்களையும், கரைமேல் நின்றவர்களையும்கூட அது இழுத்துப் போயிருக்கிறது. அலை கடந்த பின்னும் நீர்மட்டம் வேகமாக ஏறிக்கொண்டே இருக்கும். எனவே கூட்டம் கலையத் தொடங்கினாலும் ஆற்றில் இறங்க வேண்டாம்.