ஆபீஸில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே கட்டற்ற மென்பொருள்தான் என்று உறுதியாக இருப்பவன். வீட்டில் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும். ஆபீஸிலோ விண்டோஸ், எக்ஸெல், டேலி. மாற்றலாமா என்று கேட்டால், "ஆடிட்டர் எல்லாத்தையும் இதுலதான் கேக்கறார் தம்பி" என்கிறார் முதலாளி. சம்பளத்துக்காகக் கொள்கையை விட்டுக்கொடுக்கிறேனா?
— வாசகர், சுவாமிமலை

பதில்: இல்லை. இந்தச் சங்கடம் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியவருக்கே வந்திருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல், யுனிக்ஸுக்குக் கட்டற்ற மாற்றாகக் குனு திட்டத்தை அறிவித்தார். தான் எழுதும் நிரல்களுக்கு, வேலை பார்த்த எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் உரிமை கோரிவிடக் கூடாதென்று அடுத்த ஜனவரியில் வேலையையே விட்டார். அத்தனை கறாரானவரும் குனுவின் பகுதிகளை உருவாக்கியது யுனிக்ஸ் கணினிகளில்தான். யுனிக்ஸ் தனியுரிம மென்பொருள். அதற்கு மாற்று ஒன்றை உருவாக்க அது இன்றியமையாதது என்பதால் பயன்படுத்துவது தகும் என்று குனு குழு யோசித்து முடிவெடுத்தது.

கணக்கு எழுதுபவர் மாற்று மென்பொருள் எழுதப்போவதில்லைதான். ஆனாலும் அந்த முடிவிலிருந்து அவர் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: உள்ளே இருக்கும்போதே வெளியே வரும் வழியைத் திறந்து வைப்பது.

தமிழ்நாட்டிலும் இந்த முயற்சி நடந்திருக்கிறது. மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சி. உமாசங்கர், முதலில் எல்காட் அலுவலகத்திலேயே சூசே லினக்ஸைக் கொண்டுவந்தார். 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி மாநில அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. இருந்தும் நம் அலுவலகங்களில் விண்டோஸ்தான் நிலைத்தது. கேரளத்தில் அரசுப் பள்ளிகளுக்கான ஐ.டி.@ஸ்கூல் திட்டம் வேறு வழியில் போனது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையே கட்டற்ற மென்பொருளில் நடத்தியது. ஆட்சிகள் மாறியும் அங்கே அது மாறவில்லை.

ஆக, தனி ஆளாக ஓர் ஊழியர் ஆபீஸ் மென்பொருளை மாற்றிவிட முடியாது. கோப்பின் வடிவத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் பிடி உண்டு.

சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றை மடித்து விக்கிரகத்தின் அளவைக் குறிக்கிறார்கள். முறை தெரிந்த எவரும் அந்த மடிப்பைப் படிக்கலாம்; யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. கணினிக் கோப்புகளில், லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தும் ஓ.டி.எஃப். என்ற திறந்த வடிவம் அப்படிப்பட்டது. 2006-இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. மின்னாட்சியில் திறந்த தரங்களையே பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2010-இல் வெளியிட்டது.

மூடிய வடிவம் என்ன செய்யும் என்பதைத் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் பட்டறிந்திருக்கிறார்கள். வானவில் போன்ற தனிக் குறியீட்டு எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். அதற்குள் மலையளவு கோப்புகள் பழைய குறியீடுகளில் சேர்ந்துவிட்டன.

முதலாளியிடம் கொள்கை பேசுவதைவிடச் சட்டம் பேசினால் காது கொடுப்பார். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அதுவரை இந்த மென்பொருளும் இதே பதிப்பும் கையில் இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? எனவே ஆண்டு முடிவில் டேலி கணக்கை எக்ஸ்.எம்.எல். வடிவிலும் பி.டி.எஃப். ஆகவும் எடுத்து வையுங்கள். தமிழ்க் கடிதங்களை யுனிகோடிலேயே அடியுங்கள். ஆபீஸ் கணினியில் அனுமதியின்றி எதையும் நிறுவாதீர்கள். திருட்டுப் பிரதி இருந்தால் அதை எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

அடுத்த கணினி வாங்கும்போது, கடிதமும் பேக்கிங் லிஸ்ட்டும் மட்டும் அடிக்கும் மேசைக்கு லிப்ரே ஆபீஸ் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். அது விண்டோஸிலும் ஓடும், லைசென்ஸ் கட்டணம் கிடையாது, ஆடிட்டருக்கு எக்ஸெல் வடிவிலேயே சேமித்தும் அனுப்பலாம்.